இரண்டு மணிக்குத் திறக்கும் மருந்துக்கடை

கீவ் நகரம், எண்பத்தாறு, மே மாதம்.
கஷ்கொட்டை மரங்கள் எப்போதும்போல்
வெள்ளைப் பூவில் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றன.
அவற்றுக்கு யாரும் சேதி சொல்லவில்லை.
எங்களுக்கும்தான்.

செய்தித்தாளில் சில வரி வந்தது.
மீதியை வாய்கள் எழுதின.
சன்னலைச் சாத்து என்றது ஒரு வாய்.
கீரை வாங்காதே என்றது இன்னொன்று.
நான்காம் மாடி ரிம்மா,
தம்பி நீர்மூழ்கிக் கப்பலில் இருப்பவள்,
மாடிப்படியில் என்னை நிறுத்திச் சொன்னாள்:
"அங்கே அவர்களுக்குத் தினம் ஒரு கோப்பை.
வெள்ளை இல்லை, சிவப்பு. இனிப்புக் கூடாது.
கதிர்வீச்சை எலும்பிலிருந்து
வழித்தெடுத்துவிடுமாம்."

விடும் இல்லை. விடுமாம்.
அந்த வசந்தத்தில்
ஊரிடம் இருந்த ஒரே அளவுக்கருவி
அந்த "ஆம்".

நான் மருந்தகத்தில் பொடி நிறுத்துப் பொட்டலம் கட்டுகிறவள்.
அயோடின் தீர்ந்து ஒன்பது நாள்.
கவுண்டரில் கை நீட்டியவர்களுக்கு
இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி
மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு
ஒயின் கடை வரிசைக்குப் போனேன்.

அரசாங்கம் மதுவோடு சண்டை போட்ட காலம்.
கடை திறப்பது பகல் இரண்டு மணிக்கு.
பதினொன்றுக்கே வரிசை மூலை திரும்பியிருந்தது:
டிராம் ஓட்டுபவர், செல்லோ வாத்தியார்,
தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒருத்தி.
பழைய குடிகாரர்களுக்குத்தான் ஆத்திரம்.
"இத்தனை வருஷம் எங்களைக் கண்டால் தெரு மாறினீர்களே,
இன்றைக்கு எங்கள் வரிசையில் என்ன வேலை?"
யாரும் பதில் சொல்லவில்லை.
ஒருவர் மட்டும் நகர்ந்து இடம் விட்டார்.

தலைக்கு இரண்டு புட்டி.
மால்டோவா காபர்னே. லேபிள் கோணல்.

ஒஸ்தாப் தெரு கழுவும் லாரி ஓட்டினான்.
இரவும் பகலும் தூசிக்குத் தண்ணீர்.
வாசலுக்கு வெளியே பூட்ஸ், பையில் உடுப்பு,
நின்றபடியே ஒரு கோப்பை.
"உடம்புக்கு நல்லதென்று முன்பே சொல்லியிருந்தால்
நான் எவ்வளவு ஆரோக்கியமாக இருந்திருப்பேன்!"
சிரித்தான். பிறகு இருமினான்.
விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்.
இது இரண்டுமாக
ஆறு வாரம் ஓடியது.

லெஸ்யாவுக்கு ஆறு வயது.
ஊருக்கெல்லாம் மில்லிகிராம் பார்த்தவள்
என் பிள்ளைக்கு அளவு தெரியாமல் நின்றேன்.
ஒரு தேக்கரண்டி, கொஞ்சம் சர்க்கரை.
கை நடுங்கிச் சிந்தியது போக
மீந்ததே அளவு.
உதடு ஊதா நிறமாக, முகம் சுளித்துச் சொன்னாள்:
"கசக்குது. அப்போ நிஜ மருந்துதான்."

பிள்ளைகளைத் தெற்கே அனுப்பிய ரயிலில் அவளும் போனாள்.
கையில் தைத்த பெயர்ச்சீட்டு.
காலரில் நான் துவைத்தும் போகாத
ஒரு சிவப்புப் பொட்டு.

முப்பது வருஷம் கழித்து
இதயம் பார்க்கும் சின்னப் பெண் மிலானா
படிவத்திலிருந்து தலை தூக்காமல் கேட்கிறாள்:
"மது உண்டா?"
அவளே சொல்கிறாள்:
சிவப்பு ஒயின் ரத்தக்குழாய்க்கு நல்லதென்றார்களாம்,
திராட்சைத் தோலில் ஏதோ இருக்கிறதாம்,
இப்போது ஒரு சொட்டும் வேண்டாமாம்,
இன்னும் ஆராய்கிறார்களாம்.

வா, பழைய சிநேகிதனே என்றேன் மனதுக்குள்,
அந்த "ஆமை"ப் பார்த்து.

ஒஸ்தாப் ஐம்பத்தொன்பதில் போனான்.
லாரியாலா, சிகரெட்டாலா, சும்மாவா,
சான்றிதழில் இல்லை.
லெஸ்யா லிஸ்பனில் இருக்கிறாள்.
விடிந்ததும் தைராய்டுக்கு ஒரு சின்ன மாத்திரை.
ஒயின் தொடுவதில்லை.
வாசனை வந்தாலே ரயில் கிளம்பிவிடுமாம்.

போன மாதம் குழாய்க்காரர்
குளியல் தொட்டியை நகர்த்தினார்.
அடியில் கிடந்தது இரண்டாவது புட்டி.
எதற்கோ பத்திரப்படுத்தி மறந்தது.
தக்கை தூளாகியது. நக்கிப் பார்த்தேன்:
சுத்தமான காடி.

கொட்ட மனம் வரவில்லை.
போர்ஷ் சூப்பில் பீட்ரூட் நிறம் வெளுக்காதிருக்க
ஒரு கரண்டி புளிப்பு வேண்டும்.
ஊற்றினேன். கொதித்தது. அப்படியே சிவந்து நின்றது.

அதற்கு நல்லது.
இதை மட்டும் நானே பார்த்துச் சொல்கிறேன்.